கோடை இசை விழாவுக்கு எந்த டென்ட்? மார்த்தாண்டத்துத் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நண்பர்கள் நாலு பேர். மே மாதக் கடைசியில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் இரண்டு இரவு இசை விழா. படுக்க இடம் மட்டும் தருவார்களாம், டென்ட் அவரவர் கொண்டுவர வேண்டும். பஸ்ஸில்தான் போகிறார்கள், கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிறது. 'நாலு பேருக்கு' என்று போட்ட, வீசினால் தானே விரிகிற பாப்-அப் டென்ட் ஒன்றை ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறார். அதை வாங்கலாமா, மழை வந்தால் தாங்குமா, வேறு என்ன கவனிக்க வேண்டும் என்பது கேள்வி.

அதை வாங்க வேண்டாம் தம்பி. உள்கூடு பெரும்பாலும் வலையாக இருந்து, அதற்கு மேல் தனி மழைத்துணி போர்த்தும் வகையில், இரண்டு பேர் தாராளமாகப் படுக்கும் டென்ட் இரண்டு எடுங்கள். ஐயாயிரத்துக்குள் இரண்டும் நல்லதாகக் கிடைப்பது கஷ்டம். ஒன்றை வாங்கி இன்னொன்றை வாடகைக்கு எடுக்கலாம். மலையேறப் போகிற பிள்ளைகளுக்கு டென்ட் வாடகைக்கு விடுகிறவன் நான், எது உடைந்து திரும்பி வருகிறது என்பது அத்துப்படி. (இது கடைக்கு ஆள் பிடிக்கிற பேச்சு இல்லை. பக்கத்து வீட்டு அண்ணனிடம் கிடைத்தால் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.)

யூடியூபில் 'மியூசிக் ஃபெஸ்டிவல் டென்ட்' என்று தேடினால் வருவதில் பாதிக்கு மேல் இங்கிலாந்து வீடியோக்கள். அங்கே இந்த விழாக்களுக்குப் பெரிய வரலாறு உண்டு. சாமர்செட்டில் ஒரு பால் பண்ணையில் 1970இல் ஒரு பவுண்டு டிக்கெட்டோடு தொடங்கியதுதான் கிளாஸ்டன்பரி. டிக்கெட்டோடு பாலும் இலவசமாகக் கொடுத்தார்கள். 2005இல் அங்கே பெய்த மழையில் டென்ட்கள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்த படங்களை நீங்களும் பார்த்திருக்கலாம். ஜூன் மாதத்திலும் ராத்திரி குளிரும், நாலரை ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடும், எந்த நேரமும் மழை வரும். அதனால் அவர்கள் குளிரைத் தடுக்கிற கெட்டித் துணி உள்கூட்டையும், வெளிச்சத்தை மறைக்கிற கறுப்புத் துணியையும் தேடுகிறார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. நம் கடற்கரையில் மே மாதம் பகலில் 33, 34 டிகிரி, ராத்திரியில் 26க்குக் கீழே போனாலே பெரிய விஷயம். அதோடு உடம்பில் ஒட்டுகிற ஈரக்காற்று. கெட்டித் துணி உள்கூட்டில் இரண்டு பேர் படுத்தால் ஒரு மணி நேரத்தில் இட்லிப் பானைதான்.

ஆகவே நம் ஊர்க் கோடைக்கு டென்ட் பார்க்கும்போது 'எவ்வளவு மழை தாங்கும்' என்ற கேள்வியை இரண்டாவதாக வையுங்கள். காற்று எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியே போகும் என்பதுதான் முதல் கேள்வி.

ஒற்றைத் துணி டென்ட்டில் இதற்கு வழியே இல்லை. நம் மூச்சிலும் வியர்வையிலும் இருக்கிற ஈரம் மழைபுகாத துணியின் உள்பக்கம் போய்த் துளித்துளியாகப் படியும். விடியற்காலையில் அது முகத்தில் சொட்டும்போது 'டென்ட் ஒழுகுது' என்று புகார் வருகிறது. ஒழுகியிருக்காது, உள்ளே இருந்தவர்களின் மூச்சு அது. இரட்டை அடுக்கு டென்ட்டில் உள்ளே வலை, அதிலிருந்து கொஞ்சம் இடைவெளி விட்டு மழைத்துணி. ஈரம் வலையைக் கடந்து வெளித்துணியில் படிந்து, அதன் வழியாகவே கீழே இறங்கிவிடும். மழை இல்லாத ராத்திரியில் வெளித்துணியைக் கழற்றிவிட்டு வலைக்கூட்டில் மட்டும் படுக்கலாம். கொசுவும் வராது, காற்றும் தடைபடாது. ஆனால் கடற்கரையில் வலை தரையிலிருந்தே தொடங்கினால் மணல் உள்ளே புகுந்துவிடும். அடியில் ஒரு சாண் உயரத்துக்காவது கெட்டித் துணி ஏறி, அதற்கு மேல் வலை வருகிற மாதிரி பார்த்து எடுங்கள்.

எதிரெதிராக இரண்டு வாசல் இருப்பது அவசியம். கடற்கரையில் பகல் முழுக்கக் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். இருட்டிய பிறகு அது தளர்ந்து, நடுராத்திரிக்கு மேல் கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். ஒரே வாசலைக் கடலைப் பார்த்து வைத்தவர்கள் எட்டு மணிக்கு 'என்னா காத்து' என்று சொல்லிவிட்டு, இரண்டு மணிக்கு வெளியே வந்து மணலில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வாசல் கடலுக்கும் ஒன்று தோப்புக்கும் இருந்தால் காற்று எப்படித் திரும்பினாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

இனி, 'நாலு பேருக்கு' என்ற கணக்கு. கம்பெனிகள் ஆளுக்கு 55, 60 சென்டிமீட்டர் அகலம் வைத்துத்தான் கணக்குப் போடுகின்றன. பிள்ளைகளை அடுக்கிப் படுக்க வைக்கிற அளவு அது. பைக்கு இடம் கிடையாது, புரண்டு படுக்க முடியாது, நம் சூட்டில் தோளோடு தோள் உரசிப் படுத்தால் தூக்கமும் வராது. நாலு பேர் டென்ட்டில் இரண்டு பேரும் பைகளும், அல்லது நெருக்கிப் பிடித்து மூன்று பேர். நீங்கள் நாலு பேர் என்பதால் இரண்டு டென்ட் எடுத்தால் சுமையும் பிரியும். ஒன்று கிழிந்தால் இன்னொன்றாவது மிஞ்சும். ஒருவர் குறட்டை விடுகிறவராக இருந்தால் அவரோடு யார் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாப்-அப் டென்ட் விரிப்பதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். பையிலிருந்து எடுத்து வீசினால் விரிந்துவிடும். சிக்கல் திரும்ப மடிக்கும்போது. எட்டுப் போல முறுக்கி வட்டமாக மடக்க வேண்டும், தெரியாதவர் கையில் கம்பி வளைந்துபோகும். மடித்த பிறகும் அது பெரிய தாம்பாளத்தைவிட அகலமான ஒரு வட்டத்தட்டு. திங்கள்சந்தை வழியாகக் கூட்டமான பஸ்ஸில் அதைத் தூக்கிக்கொண்டு நிற்பதை யோசித்துப் பாருங்கள், கண்டக்டர் சொல்லப்போவதையும் சேர்த்து. தவிர, மலிவான பாப்-அப்களில் பெரும்பாலானவை ஒற்றைத் துணி. பகலில் நிழலுக்கு நல்லது, ராத்திரிக்கு ஆகாது.

மழைக்கு வருவோம். பெட்டியில் 1500, 2000, 3000 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள். துணியின் மேல் அத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாது என்று பொருள். நம் கோடை மழை நாள்கணக்கில் பெய்வதில்லை. மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்து, சாயங்காலம் இடியோடு இறங்கி, ஒரு மணி நேரம் ஊற்றிவிட்டு ஓய்ந்துவிடும். மேல்துணி 2000 இருந்தால் அதற்குப் போதும். தரைத்துணிக்கு 3000க்குக் குறையக்கூடாது, ஏனென்றால் ஈரத்தரையில் முட்டி ஊன்றும்போது அந்த ஓர் இடத்தில் அழுத்தம் பல மடங்காகும். ஆனால் இந்த எண்கள் எல்லாம் துணிக்குத்தான். தண்ணீர் பெரும்பாலும் தையல் வழியாகத்தான் வரும். தையலின் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வீட்டு முற்றத்தில் டென்ட்டை அடித்து, மேலிருந்து ஹோஸில் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, உள்ளே ஒருவரை உட்கார வைத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். தம்பி தங்கை இருந்தால் இந்த வேலைக்குப் போட்டி போடுவார்கள்.

இன்னொன்று, மே கடைசி என்பதால் சொல்கிறேன். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. நம் மாவட்டம் அதற்கு ஒட்டிய வாசல். சில வருடங்களில் நாலைந்து நாள் முன்னதாகவே வந்துவிடும். அப்படி வந்தால் மேலே சொன்ன ஒரு மணி நேரக் கணக்கு செல்லாது. கிளம்புவதற்கு முந்தின நாள் வானிலை அறிக்கையைப் பார்த்துவிடுங்கள்.

கம்பு இரண்டு வகை. மலிவு டென்ட்களில் ஃபைபர் கிளாஸ், விலை கூடியதில் அலுமினியம். ஃபைபர் கம்பு உடைந்தால் நெடுக்காகப் பிளந்து சிராய் கையில் ஏறும். வாடகைக்குப் போய்த் திரும்புகிற டென்ட்களில் நான் அதிகம் மாற்றுவது இதைத்தான். காரணம் பெரும்பாலும் ஒன்றே. கம்பைத் துணியின் குழாய்க்குள் நுழைக்கும்போதும் எடுக்கும்போதும் தள்ள வேண்டும், இழுக்கக்கூடாது. இழுத்தால் துண்டுகள் உள்ளேயே பிரிந்து, பாதி செருகிய நிலையில் வளைந்து, செருகுகிற முனையில் பிளந்துவிடும். பையில் ஒரு சாண் நீளத்துக்கு, கம்பு உள்ளே நுழைகிற அளவில் பிவிசி குழாய்த் துண்டும், எலெக்ட்ரிக் டேப் ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள். கம்பு உடைந்தால் உடைந்த இடத்தின் மேல் குழாயைத் தள்ளி இரண்டு பக்கமும் சுற்றிவிட்டால் ஊர் வந்து சேரும்.

டென்ட் எப்படிப்பட்டதாக இருந்தாலும் இடம் சரியில்லை என்றால் பிரயோஜனம் இல்லை. தென்னந்தோப்பு என்றதும் எல்லோரும் மரத்தடியில் போய் அடிப்பார்கள். தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளை யாரும் அப்படிப் படுக்க மாட்டார்கள். தேங்காய் விழும், அதைவிட அடிக்கடி காய்ந்த மட்டை விழும். பதினைந்து அடி நீளத்தில், அடிப்பகுதி கனத்த மட்டை ராத்திரிக் காற்றில் கழன்று வந்தால் துணியும் தாங்காது, தலையும் தாங்காது. மரத்திலிருந்து இருபது அடியாவது தள்ளி இருங்கள்.

அப்படியானால் நிழலுக்கு என்ன செய்வது? நமக்கு நிழல் வேண்டியது காலையில் மட்டும்தான். விழா முடிந்து ஒரு மணிக்குப் படுத்தவர்களுக்கு ஏழு மணி வெயில்தான் எமன். மே மாதம் நமக்கு ஆறு மணியை ஒட்டி விடியும். எட்டு மணிக்கு மரத்தின் நிழல் அதன் உயரத்தைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீண்டு, மேற்கே, கொஞ்சம் தெற்குச் சாய்வாக விழும். ஐம்பது அடித் தென்னை தொண்ணூறு அடி தூரத்துக்கு நிழல் தரும். தோப்பு உங்களுக்குக் கிழக்கே இருக்கும்படி, அதன் மேற்கு விளிம்பைத் தாண்டி வெட்டவெளியில் அடித்தால் மரத்தின் கீழே படுக்காமலே எட்டரை வரை தூங்கலாம். முட்டம் கரை தென்மேற்கைப் பார்த்துத்தான் இருக்கிறது, தோப்பும் கடலுக்கு உள்பக்கமாக இருக்கும் என்பதால் இது பெரும்பாலும் தானாகவே அமையும். கொல்லாமாவு (முந்திரி மரம்) நிழல் கிடைத்தால் இன்னும் நல்லது, தேங்காய் பயம் இல்லை. ஆனால் முதலில் இலையைப் பார்த்து முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று கவனியுங்கள்.

அடுத்து தரையைப் பாருங்கள். காய்ந்த இலையும் சருகும் கோடு போட்டது மாதிரி ஒதுங்கிக் கிடந்தால், போன மழைக்குத் தண்ணீர் அந்த வழியாகத்தான் ஓடியிருக்கிறது. அந்த வரிசையை விட்டுத் தள்ளி, கை அகலமாவது உயர்ந்த இடத்தைப் பாருங்கள். அடியில் தார்ப்பாய் விரித்தால் அது டென்ட்டின் தரையைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தால் மேலிருந்து வடிகிற தண்ணீரை அதுவே ஏந்தி உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து விடும்.

கடல் பக்கமாக நகர்ந்து மணலில் அடிக்கலாம் என்று யாராவது ஆசைப்பட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் ஏறுவது நம் கரைக்குப் புதிதில்லை. தூரத்துத் தென்கடலில் எழுந்த அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையேறி வரும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனது இந்த மாதிரி எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்திலிருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. அதைவிட எளிது, கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கிற பெரியவர் ஒருவரிடம் 'இன்னைக்கு எப்பிடி' என்று கேட்பது. வள்ளங்களை எந்த உயரத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், அதற்கு மேலேதான் உங்கள் இடம்.

டென்ட்டோடு வருகிற மெல்லிய கம்பி ஆணிகளை நம் மாவட்டத்தில் எங்கேயும் நம்பாதீர்கள். மணலில் பிடிக்காது, கோடையில் காய்ந்த மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்துச் செம்மண்ணில் இறங்காமல் வளைந்துவிடும். செம்மண் தரைக்கு ஹார்டுவேர் கடையில் ஆறு அங்குல இரும்பு ஆணியும் அதற்கு ஒரு வாஷரும் வாங்கி, சாய்வாக அடியுங்கள். மணலுக்கு ஆணியே வேண்டாம். தோப்பில் தேங்காய்க் கதம்பை (உரித்த மட்டை) கிடக்கும். ஒரு கதம்பையின் நடுவில் டென்ட் கயிற்றைக் கட்டி, ஒரு அடிக்குக் குறையாத குழியில் படுக்கையாக வைத்து, மணலைத் தள்ளி மிதித்து இறுக்குங்கள். கயிறு டென்ட்டிலிருந்து விலகிச் சாய்வாகத் தரைக்கு வர வேண்டும், நேர் செங்குத்தாக வந்தால் காற்று அதை உருவிவிடும். மணலை லேசாக நனைத்து மிதித்தால் இன்னும் பிடிக்கும். கதம்பை கிடைக்காவிட்டால் துணிப்பையில் மணல் நிரப்பிப் புதைக்கலாம்.

இதே விழா ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் நடந்தால் நான் வேறு மாதிரி சொல்வேன். கணவாய் வழியாகக் காற்று குவிந்து வருகிற இடம் அது, முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அங்கே உயரமான, நின்று நடக்கிற அளவு டென்ட்டே ஆகாது. தாழ்ந்த கவிகை வடிவ டென்ட், ஒல்லியான முனை மேற்கே பார்த்து, எல்லாக் கயிறும் கட்டியாக வேண்டும். பேச்சிப்பாறை, காளிகேசம் என்று காட்டுப் பக்கம் போவதானால் டென்ட்டைப் பற்றிப் பேசும் முன் வனத்துறை அனுமதியைப் பற்றிப் பேச வேண்டும், யானை நடமாடுகிற இடம்.

இடி விழும்போது டென்ட் ஒரு பாதுகாப்பே இல்லை. மேடைப் பந்தலும் இல்லை, தனித்து நிற்கிற தென்னை அதைவிட மோசம். பக்கத்தில் கான்கிரீட் கட்டடம் எது என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடி ஏற்றிய கார். மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் நடுவில் முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால் எழுந்து போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத் திரும்பலாம்.

எனக்கு உண்மையில் பயம் கொசுவர்த்திச் சுருள்தான். வீட்டுப் பழக்கத்தில் டென்ட்டுக்குள் ஒன்றைக் கொளுத்தி ஓரமாக வைத்துவிடுவார்கள். பாலியெஸ்டர் துணி பற்றினால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். ஜிப்பைத் தேடித் திறப்பதற்குள் காரியம் கெட்டுவிடும். ஜிப்பை இழுத்து மூடினால் வலையே கொசுவைத் தடுத்துவிடும், சுருள் எதற்கு? அடுப்பும் அப்படித்தான். மழைக்கு ஒதுங்கி உள்ளே டீ போடுகிற ஆசை வரும். தீயோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் இருக்கிறது, அதற்கு மணமே கிடையாது.

மெத்தையும் ஸ்லீப்பிங் பேக்கும் வேண்டாம். காற்றடிக்கிற மெத்தை முதுகில் வியர்த்து ஒட்டும். ஒரு கோரைப்பாய், ஒரு பருத்திப் பெட்ஷீட், தலைக்கு மடித்த சட்டை. நெற்றியில் மாட்டுகிற விளக்கு ஆளுக்கொன்று இருந்தால் நல்லது.

விழாக் களத்தில் எல்லா டென்ட்டும் இருட்டில் ஒன்று போலவே தெரியும். ஒரு மூங்கில் குச்சியில் பழைய லுங்கித் துண்டைக் கட்டி உயர்த்தி வையுங்கள், ராத்திரி பிறத்தியார் டென்ட்டைத் திறந்து மன்னிப்புக் கேட்க வேண்டாம். கயிறுகளில் வெள்ளைத் துணி சுற்றுங்கள், ஆணித் தலையில் காலி தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வையுங்கள், இல்லாவிட்டால் யாராவது கால் தட்டி உங்கள் மேலேயே விழுவார்கள். கழிவறைக்குப் போகிற வழியிலும், ஜெனரேட்டர் பக்கத்திலும் அடிக்காதீர்கள். ஸ்பீக்கர் முகத்துக்கு நேரே இருந்தால் துணி எந்தச் சத்தத்தையும் தடுக்காது. சட்டப்படி ராத்திரி பத்து மணிக்கு மேல் வெளியில் ஒலிபெருக்கி கூடாது. வருடத்தில் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும் அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருப்பது இது. கோயில் கொடையும் தேவாலயத் திருவிழாவும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த விதி எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று தெரியும், அதனால் காதுக்குப் பஞ்சு எடுத்துப்போங்கள். பணமும் போனும் இடுப்பில் இருக்கட்டும். டென்ட் ஜிப்புக்குப் பூட்டுப் போடுவது 'உள்ளே ஏதோ இருக்கு' என்று போர்டு வைப்பதுதான், துணியைக் கிழிக்க ஒரு பிளேடு போதும்.

முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். பிரிட்டனில் விழாக்களில் கைவிடப்படும் டென்ட்கள் வருடத்துக்கு இரண்டரை லட்சம் என்று அங்குள்ள விழா அமைப்பாளர்கள் 2019இல் சொன்னார்கள். அத்தனையும் பிளாஸ்டிக். புதைத்த கதம்பைக் கயிறுகளையும் தோண்டி எடுத்துவிடுங்கள், மறுநாள் தோப்பில் வேலை செய்கிறவர்கள் கால் மாட்டும்.

வீட்டுக்கு வந்ததும் பையோடு பரணில் போட வேண்டாம். அடுத்து வருவது ஜூன் மழை. ஈரத்தோடு சுருட்டி வைத்த டென்ட், ஓணத்துக்கு எடுத்துப் பார்க்கும்போது கரும்புள்ளி விழுந்து, உள்பூச்சு பிசுபிசுவென்று ஒட்டி, புளித்த வாடை அடிக்கும். அப்புறம் அதைச் சரிசெய்ய வழியில்லை. நல்ல தண்ணீரில் உப்பும் மணலும் போக அலசி, சோப்புத்தூள் போடாமல், நிழலில் காயவிட்டு, இறுக்கிச் சுருட்டாமல் ஒரு பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வையுங்கள். உப்புக்காற்றில் முதலில் போவது ஜிப்தான், பல்லுக்குள் இருக்கிற மணலைப் பழைய டூத் பிரஷால் தட்டிவிட்டு மெழுகுவர்த்தியை ஒரு தடவை நெடுகத் தேய்த்துவிடுங்கள்.